கடைசி வாரம் வரை பார்த்த ஊர்

‘பூங்கோதை இல்லம்’ தொடர் நிறுத்தப்பட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதில் வந்த குடும்பத்தார் மூன்று பேரும் மஞ்சூர் போகும் பஸ்ஸில் வந்து குந்தா பாலத்தில் இறங்கினார்கள். முதலில் குடையும் கையுமாகச் சபாபதி இறங்கினார். அடுத்து அவர் மனைவி கோமதி, பின்னால் மகள் மைதிலி. டிவியில் பார்த்ததைவிட உயரம் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நல்ல பனிமூட்டம். மூவரும் சென்னை வெயிலுக்கான உடையில் இருந்ததால் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார்கள். பவர் ஹவுஸில் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த ரொனால்ட் அவர்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, பெட்டிகளை வாங்கிக்கொண்டார். காகிதம்போல் கனமற்று இருந்தன. தொடர்களில் பெட்டிக்குள் துணி வைப்பதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. “எங்கீங்க இவ்வளவு தூரம்?” என்று கேட்டார். “சீரியல் நின்னுபோச்சு சார்,” என்றார் சபாபதி. “வேற எங்கே போறதுன்னு தெரியலை. கடைசி வாரம் வரைக்கும் எங்களைப் பார்த்தது உங்க ஊர்தான்.”

அது உண்மை. அந்தத் தொடர் ஒளிபரப்பான அதே அரைமணி நேரத்தில் வேறொரு சேனலில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கும் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு முழுக்க அதைத்தான் பார்த்தார்கள். குந்தா பாலத்தில் கேபிள் நடத்திய பிராங்ளின் தன் டிஷ்ஷைச் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த மேட்டில் நிறுத்தியிருந்தான். எதிர்மலை மறைத்ததால் மற்ற சேனல்களில் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் வந்தன. ‘பூங்கோதை இல்லம்’ வந்த சேனல் மட்டும் கண்ணாடிபோலத் தெரிந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஏழரை மணிக்கு முன்பே, டிவி உள்ள வீடுகளில் பெரியதான ரொனால்ட் வீட்டில் ஊர் கூடிவிடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ரொனால்டின் மனைவி ஐவி, தொடக்கப்பள்ளி டீச்சர், தன் நாற்காலியை டிவிக்கு மிக அருகில் போட்டுக்கொள்வார். அந்தத் தொடரில் வில்லன் கிடையாது. சபாபதியின் குடை காணாமல்போனது இரண்டு வாரம் ஓடியது. கோமதி சுட்ட அதிரசம் உதிர்ந்துபோக, வீட்டார் அதை ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு ஒரு குறையும் சொல்லாதது ஒரு வாரம். மைதிலி ஒரு பாடத்தில் தோற்றபோது சபாபதி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சுண்டல் வாங்கிக்கொடுத்து, பரீட்சை பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பக் கூட்டிவந்தார். அந்த வாரம் ஊரில் பல அப்பாக்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துபோனார்கள். இப்படி மூன்று மாதம்கூட ஓடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. கூடியிருந்தவர்கள் காலிஃபிளவர் வறுபடுவதை முடியும்வரை பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

வந்தவர்களுக்கு ரொனால்ட் வீட்டை ஒட்டிப் பூட்டிக்கிடந்த ஐவியின் அண்ணன் வீடு திறந்துவிடப்பட்டது. ஊராரிடமிருந்து ஆளுக்கு ஒன்றாகக் கம்பளி, மாற்றுத் துணி, சமையல் பாத்திரம் வந்து சேர்ந்தன. அதே சமயம், கோமதியாக நடித்த நடிகை சென்னையில் வேறொரு தொடரில் வக்கீலாக வந்துகொண்டிருந்தார். ஊர் இருவரையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை. அவர் நடிகை, இவர் கோமதி. குடும்பத்தாரிடம் சில பழக்கங்கள் இருந்தன. சாப்பாட்டு மேசையில் மூவரும் ஒரே பக்கமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கத்தைக் காலியாகவே விட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூவரும் அப்படியே அசையாமல் நின்றுவிடுவார்கள், விளம்பரங்களுக்கு ஆகும் நேரம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ரேஷன் கடை வரிசையில் இப்படி ஆனால் பின்னால் நிற்பவர்கள் அவர்களைத் தாண்டிப் போகாமல் காத்திருந்தார்கள். கோமதி திடுக்கிட்டாலோ கவலைப்பட்டாலோ எங்கிருந்தோ வயலின் கேட்டது. முதல் வாரம் நாய்கள் குரைத்தன. அப்புறம், “கோமதியம்மா ஊட்ல பால் திரிஞ்சுபோச்சாட்ட இருக்குது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டால், “ஃபிளாஷ்பேக்ல கும்பகோணம் காட்டினாங்க” என்பார் கோமதி.

ஐவிக்கும் கோமதிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பிதான். அங்கே தொடங்கிய பேச்சு நாளெல்லாம் நீண்டது. ஆனால் ஐவியின் மனதில் ஒரு விஷயம் முள்ளாகக் கிடந்தது, ஊராருக்கும் அது தெரியும். தொடரின் கடைசி வாரத்தில் கோமதி விலாவில் வலி என்று டாக்டரிடம் போயிருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “நான் சொல்றதை நீங்க தைரியமா கேட்கணும்” என்றார். அத்தோடு அந்த வாரம் முடிந்தது, தொடரும் முடிந்தது. டாக்டர் சொல்ல வந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. வலி மட்டும் கோமதியோடு பஸ் ஏறி வந்திருந்தது. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கையால் விலாவைப் பிடித்துக்கொள்வார், வயலின் மெல்லக் கேட்கும். ரொனால்ட் அவரைக் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கவைத்தார். ஃபிலிமில் எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. காலைப் பனி மூடிய கெத்தைப் பள்ளத்தாக்குபோல் ஒரே வெள்ளையாக இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அப்படியேதான் வந்தது. டாக்டர் நேர்மையான மனிதர். தெரியாததைப் பற்றித் தான் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே புரட்டாசி விடுமுறையில் ஐவி டீச்சர் கதாசிரியரைத் தேடிச் சென்னைக்குப் போனார். ரொனால்ட் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனார். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி, விடிந்து இறங்கி, வடபழனியில் நாலு பேரிடம் வழி கேட்டு மாடிப்படி ஏறினார்கள். பதற்றத்தில் ஐவி ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்தார். கதாசிரியர் அப்போது மூன்று தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ‘பூங்கோதை இல்லம்’ என்றதும் இறந்துபோன நண்பனின் பெயரைக் கேட்டவர்போல் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, அந்த டாக்டரு என்ன சொல்ல வந்தாருங்க?” என்று கேட்டார் ஐவி.

கதாசிரியர் சிரித்தார். எதிரே இருந்தவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். “கேன்சர்னு வெச்சிருந்தேன்மா. யாருமே பார்க்கலை, அழுகை வேணும்னு சேனல்ல சொன்னாங்க. தீபாவளி வாரத்துல அந்தம்மாவை முடிச்சிடறதா இருந்தது.”

“அவுங்க இப்ப எங்க பக்கத்து ஊட்லதாங்க இருக்காங்க. வலி இன்னும் இருக்குதுங்க. அந்த வியாதி வேண்டாமுன்னு மாத்திச் சொல்லிருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

அவர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. அந்தத் தொழிலில் இதைவிட விநோதமானவற்றைக் கேட்டிருந்தார். “நின்னுபோன தொடருக்கு நான் யாரும்மா?” என்றார். “மாத்தி எழுதினாலும் எடுக்க ஆள் இல்லை. எடுத்தாலும் பார்க்க ஆள் இல்லை.”

“பாக்கறதுக்கு நாங்க இருக்கோமுங்க,” என்றார் ரொனால்ட். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. கதாசிரியர் இருவருக்கும் காபி வரவழைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து, ஆட்டோ கிடைக்கும்வரை வெயிலில் கூடவே நின்றார்.

திரும்பி வந்தபின் ஐவி கோமதியைத் தவிர்த்தார். பள்ளியில் வேலை என்றார், தலைவலி என்றார். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டார். அந்தப் பனியில் அது காயவும் இல்லை. ஒருநாள் அபூர்வமாக வெயில் அடித்தபோது வேறு வழியின்றிப் பின்பக்கம் வந்தார். கம்பியின் அந்தப் பக்கம் கோமதி நின்றிருந்தார்.

“டீச்சர், மெட்ராஸ் போயிட்டு வந்ததிலேர்ந்து என் முகத்தைப் பார்க்கமாட்டேங்கறீங்க. நீங்க பார்க்காட்டி நான் எங்கே போவேன்?”

ஐவி ஈரப் போர்வையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தீபாவளி வாரம் உட்பட. சொல்லி முடித்ததும் வயலினுக்காகக் காத்திருந்தார். வயலின் வரவில்லை. கோமதி ஒரு துண்டை உதறிப் போட்டு, கிளிப் மாட்டினார்.

“எந்தக் கிழமைன்னு சொன்னாரா?”

“உங்களுக்கு எப்பவும் வெள்ளிக்கிழமைதானுங்களே.”

“ஆமா, இல்ல?” என்றார் கோமதி. அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, “எனக்கு ஸ்வெட்டர் பின்னக் கத்துக்குடுங்க டீச்சர். எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கறது நாலே நாலு அரைக்கைச் சட்டை. இந்தக் குளிருக்கு ஆகாது. அவருக்குத் தானா ஒண்ணு கேட்டு வாங்கிக்கத் தெரியாது,” என்றார். மறுநாளிலிருந்து இருவரும் உட்கார்ந்து பின்னினார்கள். ஐவி கண் கலங்கிப் பின்னலைத் தவறவிட்டபோதெல்லாம் கோமதிதான் பிரித்துச் சரிசெய்தார். தீபாவளி வந்தபோது உடம்புப் பகுதியும் ஒரு கையும் முடிந்திருந்தன.

விஷயம் ஏற்கனவே ஊருக்குள் பரவியிருந்தது; தீபாவளி வாரத்து வெள்ளிக்கிழமை யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஏழு மணிக்கே கோமதி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கம்பளி போர்த்திக்கொண்டு, குல்லாய் போட்டுக்கொண்டு, பழைய வெள்ளிக்கிழமைகளில் வந்த அதே ஆட்கள். சபாபதியும் கோமதியும் மைதிலியும் மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாதக்கணக்கில் காலியாக இருந்த எதிர்ப்பக்கத்தில் ஊர் உட்கார்ந்தது. தரையில், ஜன்னல் மேடையில், கதவை ஒட்டி, வாசலில். ஐவி தன் நாற்காலியை எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொண்டார். ஏழரை ஆனதும் பேச்சு அடங்கியது. யாரும் கண்ணை எடுக்கவில்லை. இருமல் வந்தவர்கள் இருமலை அடக்கிக்கொண்டார்கள். நடுவில் விளம்பர நேரம் வந்து மூவரும் உட்கார்ந்தபடியே அசைவற்றுப்போனபோது டீ ஒரு சுற்று வந்தது. அது முடிந்ததும் வயலின் ஆரம்பித்தது.

அது இதுவரை கேட்ட வயலின் அல்ல. கூரைத் தகரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்து, நிதானமாக, ஒரு வேலையை முடிக்க வந்ததுபோல் இறங்கியது. கோமதியின் முகம் வெளுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மைதிலி “அம்மா” என்றாள், சபாபதி எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். அப்போது கதவோரம் நின்றிருந்த ஜஸ்டஸ், சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர், வாயைத் திறந்து கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. ஏன் பாடினார் என்று பின்னால் கேட்டபோது, அந்த வயலின் சுருதி தனக்குப் பொறுக்கவில்லை என்று மட்டும் சொன்னார். பாடகர் குழுவில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டுத் தெரியாதவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாரியம்மன் பாட்டைப் பாடினார்கள். கீழ்க்குந்தாவிலிருந்து வந்திருந்த படுகர்கள் தங்கள் பாட்டைப் பாடிக் கைதட்டினார்கள். பாட்டே வராத ரொனால்ட் பவர் ஹவுஸ் சங்குபோல் ஒரே ஸ்வரத்தில் ஊதிக்கொண்டிருந்தார். ஐவி மட்டும் பாடவில்லை. கண்ணிமைக்காமல் கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் இரண்டு தரம் ராகத்தை மாற்றிப் பார்த்தது. மூன்றாவது தரம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறி, கம்பி அறுந்ததுபோல் நின்றது. பாட்டு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி, மணி எட்டடித்ததும் ஓய்ந்தது.

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இத்தனை பேர் வந்திருக்கீங்க,” என்றார். “தோசை ஊத்தட்டுமா?” அவர் வீட்டு மாவு தீர்ந்து, ஐவி வீட்டு மாவும் தீர்ந்து, எதிர்வீட்டிலிருந்தும் வந்தது. பட்டாசுகள் நமுத்துப்போயிருந்ததால் யாரும் வெடிக்கவில்லை.

வயலின் அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. தை மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது எல்லோருக்கும் இருப்பதுபோல் விலா எலும்புகள் இருந்தன. வலி என்பது குளிரில் வரும் பிடிப்புதான் என்று சொல்லித் தைலம் கொடுத்தார்கள். ஸ்வெட்டருக்கு இரண்டாவது கை முளைத்தது. சபாபதிக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலை எடை குறிக்கும் வேலை கிடைத்தது. ரேஷன் கார்டு வர இரண்டு வருடம் ஆனது. அது எல்லோருக்கும் அப்படித்தான். பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றிருந்த மைதிலி தபால் வழியில் படித்து முடித்தாள். டிவி ரிப்பேர் பார்க்க வந்த பிராங்ளின் ரிப்பேர் இல்லாத நாட்களிலும் வந்தான். குன்னூர்ப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. “மூணு மாசமா டிவில பார்த்த பொண்ணு, விசாரிக்க என்ன இருக்குது?” என்று பிராங்ளினின் அம்மா சொல்லிவிட்டார். பிறகு ஊருக்குள் குடை டிஷ்கள் வந்தன, அப்புறம் செல்போன் வந்தது. பிராங்ளின் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுக் காட்டேஜ்களுக்குக் கேமரா மாட்டப் போனான். குடும்பத்தார் அசையாமல் நிற்பது குறைந்து, வருடத்துக்கு ஒரு தரம் என்றாகி, நின்றுபோனது. மேசையில் எப்போது நாலு பக்கமும் உட்கார ஆரம்பித்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. கோமதியின் பேச்சில் ‘ஏனுங்க’ ஏறியது. சொந்த ஊர் கேட்டால், “இதேதானுங்க” என்றார். போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் சபாபதி தூக்கத்தில் இறந்தார். ஊரே கூடி எடுத்துப்போனது. கண்ணீர் விட்டவர்களில் பாதிப்பேருக்கு அவர் தொழிற்சாலை எடைக்காரர். மற்ற பாதிக்கு இன்னும் குடையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தவர்.

இப்போது அந்தத் தொடர் எங்கும் இல்லை. அந்தச் சேனல் மூடப்பட்டு, டேப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. மைதிலி போனில் எத்தனையோ விதமாகப் பெயரை அடித்துத் தேடிப் பார்த்தாள்; அப்படி ஒரு தொடர் வந்ததாகவே எதுவும் காட்டவில்லை. குந்தா பாலத்தில் மட்டும் ஐம்பது தாண்டியவர்கள் சந்தித்துக்கொண்டால் அதிரச வாரத்தையும் கடற்கரை வாரத்தையும் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார்.

இந்த ஆடியில் அவலாஞ்சிப் பக்கம் பேய்மழை. ரோட்டில் மரங்கள் சாய்ந்து, மின்சாரம் தயாரிக்கிற ஊரில் நாலைந்து நாளாக மின்சாரம் இல்லை. மதியமே இருட்டிக்கொண்டு வந்த ஒருநாள் ஐவியும் கோமதியும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐவி ஓய்வு பெற்று நாளாகியிருந்தது. இருவர் தலையும் ஒன்றுபோல் நரைத்திருந்தது. “ஏனுங்க டீச்சர், சும்மா குந்தியிருக்கறதுக்கு ஏதாச்சும் சொல்லுங்க, கேக்கறேன்,” என்றார் கோமதி. என்ன சொல்வது என்று யோசித்த ஐவி, “முன்னாடி ஒரு சீரியல் வந்துச்சுங்க” என்று ஆரம்பித்தார்.

முதல் வாரத்திலிருந்து வரிசையாகச் சொன்னார். பெயர்களைச் சொன்னபோது கோமதி, “அட, எம்பேரேதானுங்களா அந்தம்மாவுக்கும்?” என்று சிரித்துவிட்டு, கையைக் கணப்பின்மேல் காட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஐவி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. மறுபடி தொடர்ந்தார். குடை தொலைந்த இடத்தில் கோமதி, “ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தானுங்க,” என்றார். அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்ட வாரத்தை ஐவி மெதுவாகச் சொன்னார். அது அவருக்கு மிகவும் பிடித்த வாரம். ஒருநாள் முழுக்க இருவரும் பேசவில்லை. சாயங்காலம் மாடியில் காய்ந்த ஒன்பது கஜப் புடவையை மடிக்க வேண்டியிருந்தது. ஒருத்தி ஒரு முனையைப் பிடித்தாள், இன்னொருத்தி மறுமுனையைப் பிடித்தாள். மடித்து மடித்துப் பக்கத்தில் வந்தார்கள், விலகினார்கள், மறுபடி வந்தார்கள். கடைசி மடிப்பில் இருவர் கையும் தொட்டுக்கொண்டன, மகள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. கோமதி மூக்கை உறிஞ்சினார். ஐவி அந்தக் காலத்தில் அழுத அதே இடத்தில் அவரும் அழுதார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“அப்புறமுங்க?”

“அதோட நின்னுபோச்சு.”

“அடப் பாவிகளா! நல்ல சீரியலா இருக்குதே, அதைப் போயி எதுக்கு நிறுத்தினாங்க?” வெளியே ஓட்டின்மீது மழை கொட்டிக்கொண்டிருந்தது. “அந்தம்மா என்ன ஆனாங்கன்னு உங்களுக்காச்சும் தெரியுமுங்களா?”

“தெரியும்,” என்றார் ஐவி. “நல்லாருக்காங்க.”

“அது போதுமுங்க,” என்று சொல்லிவிட்டு, கோமதி கணப்பில் இன்னும் இரண்டு கரித்துண்டுகளைப் போட்டு ஊதினார்.